நடு சீட்டில் கேட்காத குரல்

பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பாடுகிறவரின் குரல் மட்டும் காணாமல் போவதை நான் முதன்முதலில் கேட்டது எங்கள் வெள்ளைக் காரின் பின் சீட்டில். வயலின் இருந்தது, சலங்கை இருந்தது, பாடுகிறவர் மட்டும் கதவைத் திறந்து இறங்கிப் போய்விட்டார். எனக்கு ஒன்பது வயது. காது கூர்மை, வாய் அதைவிடக் கூர்மை.

அந்தக் காருக்கு ஸ்பீக்கர் கம்பெனியிலேயே வைத்து வந்தது. முன்கதவு இரண்டிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒவ்வொன்று. திருப்பரங்குன்றத்தில் எங்கள் தெருவுக்கு ஒரே கார். அந்தக் காரில் அப்பாவுக்கு உயிர் அந்த இரண்டு ஸ்பீக்கர். ரேடியோ செத்து வெகுநாள் ஆகியும் ஸ்பீக்கர் வலையைத் தனித் துணியால்தான் துடைப்பார்.

அம்மாவின் தம்பி, என் மாமா, சிங்கப்பூரிலிருந்து வந்தபோது காருக்கென்று ஒரு கேசட் செட்டு கொண்டுவந்தார். சின்னம்மா கல்யாணத்தில் அப்பாவை முதல் பந்திக்குக் கூப்பிட மறந்தவர் இந்த மாமாதான். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. பேச்சில்லாததால் என் தம்பிக்கு மொட்டை இல்லை, காதுகுத்து இல்லை. தாய்மாமன் மடி இல்லாமல் எங்கே உட்காரவைத்துக் குத்துவது? பள்ளிக்கூடம் சேர்க்கிற வயசிலும் அவன் எனக்குச் சமமாய் ரெட்டைச் சடை போட்டு, என் பழைய ரிப்பனைக் கட்டிக்கொண்டு திரிந்தான். தெருப் பிள்ளைகள் அவனைப் பாப்பா என்று கூப்பிடுவார்கள். அம்மா காதில் விழாத மாதிரி பின்னிக்கொண்டே இருப்பாள். மாமாவுக்கு வாயால் மன்னிப்புக் கேட்க வராது. அட்டைப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்துவிட்டார்.

செட்டுக்குத் தக்கபடி பெரிய ஸ்பீக்கரும் வாங்கி, கதவை அறுத்து வைத்துவிடலாம் என்றார் மாமா. அப்பா முகம் சுருங்கியது.

“கம்பெனிக்காரன் வச்சதுல கை வைக்க வேணாம் மாப்ள.”

“செட்டு எம்புட்டு பெருசு மச்சான். இது காயிதம் மாதிரி இருக்கு, கிழிஞ்சு போயிரும்.”

“கிழியாத அளவுக்கு வைங்க.”

காப்பியோடு வந்த அம்மா வழக்கைத் தீர்த்தாள். செட்டு என் தம்பியோடது, ஸ்பீக்கர் அவரோடது, ரெண்டும் இருந்துட்டுப் போகட்டும். பேரையூர்ப் பக்கத்துக் குலசாமி கோயிலில் காதுகுத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

மாமாவே மாட்டினார். காரின் பிளக் செட்டில் சேரவில்லை. வெட்டி எறிந்துவிட்டு ஒயரைப் பல்லால் சீவினார். காரில் ஒரு நிறம், செட்டில் வேறு நிறம், குத்துமதிப்பாய் முறுக்கிவிட்டார். இடது கதவைத் தனியாகப் பாடவைத்தார், பாடியது. வலது கதவைத் தனியாகப் பாடவைத்தார், அதுவும் பாடியது. சேர்த்துக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

காதுகுத்தன்று அப்பா ஓட்டினார், மாமா அவருக்கு இடப்பக்கம். பின் சீட்டில் இரண்டு ஓரத்தையும் சீர்த் தாம்பாளமும் வாழைத்தாரும் பிடித்துக்கொண்டன. நடுவில் நெருக்கியடித்து அம்மா, அவள் மடியில் தம்பி, இடுக்கில் நான். திருமங்கலம் தாண்டியதும் நான் சொன்னேன், “பாடுறவரு சத்தமே கேக்கலப்பா.”

நல்லாத்தானே கேக்குது என்று முன்னால் இருந்த இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவரவர் காதுக்குப் பக்கத்தில் அவரவர் கதவு. நான் விடவில்லை. இன்னும் உரக்கச் சொன்னேன்.

“ஸ்பீக்கர் பழசு மச்சான். அதான் பிள்ளைக்குக் கேக்கல.”

“பழசுதான். ஒயர அறுக்குற வரைக்கும் ஒரு குறையுமில்ல.”

மாமா ரோட்டைப் பார்த்தபடி நிதானமாகச் சொன்னார், “கல்லுப்பட்டியில நிப்பாட்டுங்க. எனக்கு பஸ் இருக்கு.”

அப்பா நிறுத்தமாட்டேன் என்று சொல்லவில்லை. கரிசல் காடு இருபுறமும் ஓடியது. கார் வேகம் குறைந்தது.

அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். தம்பியை என் மேல் சாய்த்துவிட்டு, இரண்டு சீட்டுக்கும் நடுவே கையை நீட்டி, செட்டில் இருந்த ஒரு திருகுக் குமிழை இடப்பக்கம் கடைசிவரை திருப்பினாள். பாடுகிறவர் வந்துவிட்டார். மாமாவின் கதவிலிருந்து, முழுசாக.

“இப்பக் கேக்குதாடி?”

“கேக்குது.”

மாமாவின் விரல்கள் முழங்காலில் தாளம் போட்டன. அப்பாவின் கதவு ஊமையாகிவிட்டது. அவர் ஒரு தரம் காதைச் சாய்த்தார்; விரலால் வலையைச் சுண்டினார். கல்லுப்பட்டி வந்தது, போனது.

கோயிலில் சடைகள் விழுந்தன, என் ரிப்பனும் சேர்ந்து. மொட்டைத் தலைச் சந்தனம் மாமாவின் சட்டையெல்லாம் அப்பிக்கொள்ள, அவர் மடியில் உட்கார்ந்து தம்பி ஊரைக் கூட்டினான். பந்தியில் மாமா அப்பாவின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் முதல் இலையில் உட்காரவைத்தார்.

திரும்பும்போது அம்மா காலித் தாம்பாளத்தை வாங்கி வைக்கிற சாக்கில் அதே திருகை வலப்பக்கம் திருப்பிவிட்டாள். இப்போது அப்பாவின் கதவு பாடியது. அவர் ஸ்டியரிங்கில் தட்டிக்கொண்டே ஓட்டினார். மாமா தன் கதவை ஒரு தரம் அமுக்கிப் பார்த்துவிட்டு, கருவேல மரங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார்.

போன மாதம் என் காரில் கம்பெனி ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு புதுச் செட்டு மாட்டினேன். அதே குரல் காணாமல் போனது. ஒரு ஸ்பீக்கர் காற்றை முன்னால் தள்ளும்போது இன்னொன்று பின்னால் இழுக்கிறது, இரண்டிலும் சமமாய் வருகிற குரல் மட்டும் நடுவில் இருப்பவருக்குக் கரைந்துபோகிறது. ஒரு கதவைத் திறந்து இரண்டு ஒயரை இடம் மாற்றினேன், சரியாகிவிட்டது. எந்தக் கதவை மாற்றினாலும் சரியாகும். ஆனால் ஒரு கதவைத் திறந்தாக வேண்டும்.

ஒரு கதவை ஊமையாக்கினாலும் குரல் திரும்பும்; அன்று அது எனக்குத் தெரியாது. தன் கதவு பாடவில்லை என்று வாய் திறந்தால் கம்பெனி ஸ்பீக்கர் போச்சு என்று அப்பா ஒப்புக்கொள்ள வேண்டும், முறுக்கியது தப்பு என்று மாமா ஒப்புக்கொள்ள வேண்டும். இருவரும் அதற்கு வாய் திறக்கமாட்டார்கள் என்பதும் தெரியாது. அந்தக் காரை விற்கும்வரை, மாமா வருகிற நாளில் அந்தத் திருகு இடப்பக்கம் போகும், அவர் கிளம்பியதும் வலப்பக்கம் வரும். அம்மாவுக்குச் செட்டு போடத் தெரியாது, சும்மா எதையாவது திருகிக்கொண்டிருக்கிறாள் என்றுதான் வெகுகாலம் நம்பினேன்.