கங்காணிக்குத் தைத்த படங்கு

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளின் கடைசிக் காம்பராவில் இருக்கும் அம்மாக்கண்ணு அத்தைக்குத் துணை ஒரு நாய்தான். பெயர் கங்காணி. ஆள் எண்ணி வேலை வாங்கும் தோட்டத்துக் கங்காணியைப் போல, வாசலில் நின்று போவோர் வருவோரை எல்லாம் முறைத்து எண்ணுவதால் அந்தப் பெயர்.

மாசியில் காட்டுப் பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணியில் கங்காணியின் கழுத்து மாட்டிக்கொண்டது. பிழைத்தது பெரிய விஷயம். கழுத்தில் இனி எதையும் கட்டவே கூடாது என்றார் மிருக வைத்தியர். அடுத்த வாரமே தோட்ட ஆபீசிலிருந்து அறிவித்தல் வந்தது. நாய்களைத் தேடிச் சிறுத்தை லயத்துப் பக்கம் வருகிறதாம். திங்கட்கிழமை முதல் கட்டாத நாய் தோட்டத்தில் இருக்க முடியாது.

"நெஞ்சுல மாட்டுற பட்டி இருக்கு அத்தை, ஹார்னஸ்ம்பாங்க" என்று போனில் படம் காட்டினேன். லயத்தின் முதல் பட்டதாரி நான். இப்படிப்பட்ட விஷயங்கள் என்னிடம்தான் வரும். வருவதில் எனக்குப் பெருமையும் உண்டு.

அத்தை ஒரு கயிற்றால் கங்காணியை அளந்து, அளவுக்கு அளவு முடிச்சுப் போட்டு, கொட்டகலை பஜாரில் தையல் கடை வைத்திருக்கும் நஸார் நானாவிடம் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன்.

நானா முடிச்சுகளைப் பார்த்தார். "இது யாருக்குங்க? நெஞ்சு அகலம், இடுப்பே இல்ல."

"எங்க கங்காணிக்கு."

"கங்காணிமாரு எல்லாம் இப்ப இப்பிடி எளச்சுப் போனாங்களா?"

விஷயம் தெரிந்ததும் சிரித்துவிட்டு, உள்ளே பழைய சுவெட்டர் துணி வைத்துப் பதமாகத் தைத்துக் கொடுத்தார்.

கங்காணி அதைக் கண்டதும் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. போனில் பார்த்தபடி நான் பிஸ்கட்டை நீட்டினேன். மெதுவாக வந்து பிஸ்கட்டைத் தின்றது. பட்டியை முதுகில் வைத்தேன். மறுபடி கட்டிலடி. புதன், வியாழன், வெள்ளி, மூன்று பாக்கெட் தீர்ந்தது.

"நல்லா படிச்ச வாத்தியாரு மருமகனே நீ. நாய்தான் பாஸாகுது, நீ பெயிலு" என்றார் அத்தை. சிரித்தார்தான். ஆனால் இரவுச் சோற்றை அவர் பாதியில் வைத்ததை நான் பார்த்தேன்.

சனிக்கிழமை காலை அத்தை வேலைக்குக் கிளம்பினார். ஆணியில் தொங்கிய படங்கை எடுத்தார். தேயிலைச் செடி கிழிக்காமல் கொழுந்து பறிப்பவர்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் தடித்த துணிதான் படங்கு. அவர் அதைச் சுற்றியதும் கங்காணி காதை மடித்துக்கொண்டு கட்டிலடிக்குப் போனது. பட்டியைக் கண்டால் காட்டும் அதே முகம்.

"அத்தை, நானாகிட்ட என்ன துணி குடுத்தீங்க?"

"என் பழைய படங்குதான். எட்டு வருசம் கட்டுனது. கெட்டித் துணி, வீணா போவுதேன்னு…" என்று தொடங்கியவர் நிறுத்தினார். "அட சனியனே. நான் கொழுந்து பறிக்க மலைக்குப் போறேன்னு நெனைக்குதா?"

அந்தத் துணி வந்தால் அத்தை போய்விடுவார். எட்டு வருடமாகக் கங்காணி படித்த பாடம் அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அத்தை விடிந்ததும் படங்கைக் கட்டினார். மலைக்குப் போகவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து ரொட்டி சுட்டார், படங்கோடேயே துணி துவைத்தார்.

"என்னக்கா, ஞாயித்துக்கெழமையும் வேலைக்குப் பேரு போட்டுச் சம்பளம் குடுக்குறாங்களா?" என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் எங்கள் லயத்துச் சுதர்ஷினி கேட்டாள்.

"ஆமா. டபுள் பேரு. இந்தத் தொரைதான் குடுக்குறாரு" என்று நாயைக் காட்டினார்.

மத்தியானத்துக்குள் கங்காணி அவர் மடியில், அந்தப் படங்கின் மேலேயே தலை வைத்துப் படுத்துவிட்டது. அத்தை தலையைத் தடவிக்கொண்டே பட்டியை நெஞ்சில் சுற்றிக் கொக்கியை மாட்டினார். எழுந்து நின்றது. உதறியது. அவரைப் பார்த்தது. "வா, நீயும் வா" என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கோயில் வளைவு வரை போய் வந்தார்கள். திரும்பும்போது இழுத்துக்கொண்டு வந்தது கங்காணி.

திங்கட்கிழமை காலையில், நாய்களைக் கட்டியாயிற்றா என்று பார்க்கத் தோட்ட அதிகாரி கண்டாக்கையா வந்தார். வாசலில் ஒரே துணியைக் கட்டிக்கொண்டு இருவர் நின்றார்கள்.

"கட்டியாச்சுங்க ஐயா. கொழுந்து நிறுக்கிற எடத்துல ஓரமா கட்டிப் போட்டுக்கிறேன்."

அவர் மேலும் கீழும் பார்த்தார். "கடிக்காதுல்ல? சரி, கூட்டிட்டுப் போ."

இப்போது ஒரே ஒரு தொல்லைதான். ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே கங்காணி ஆணியிலிருந்து பட்டியை இழுத்து வந்து அத்தையின் போர்வைமேல் போடுகிறது. "லீவுடா இன்னைக்கு, படுடா" என்று அத்தை திட்டுவது சுவர் தாண்டி எனக்குக் கேட்கும். கொஞ்ச நேரத்தில் கொக்கி மாட்டும் சத்தமும் கேட்கும்.