மகள் முன்னால் சொல்லாத மாத்திரை

ஐம்பத்திரண்டு வயதில், மனைவிக்கும் தெரியாமல், கவரைப்பேட்டை மருந்துக் கடையில் ஆண்மைக்கான மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டவன் நான். மறுநாள் காலை, கும்மிடிப்பூண்டி வீட்டிலிருந்து வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிசைந்தது. கல்லூரிக்குப் புறப்பட்டு நின்ற மகள்தான் ஷேர் ஆட்டோவில் என்னை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

நாக்குக்கு அடியில் வைக்கும் நெஞ்சுவலி மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நர்ஸ் கேட்டார்: "நேத்து, இன்னிக்கு வேற எதுனா மாத்திரை போட்டீங்களா?"

"நைனா தலைவலிக்குக்கூட மாத்திரை போட மாட்டாரு மேடம்" என்றாள் மகள், பெருமையாக.

ஆமாம் என்று நானும் தலையாட்டித் தொலைத்தேன்.

மாத்திரை கரைந்த சற்று நேரத்தில் காது அடைத்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. "பிபி இறங்குது, காலைத் தூக்கிப் புடிங்க!" என்று நர்ஸ் கத்தினார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. என் கால்களைத் தூக்கிப் பிடித்திருந்த மகள், "என்னப் பாரு நைனா" என்று அழுதுகொண்டிருந்தாள்.

பிழைத்துவிட்டேன். அவளை மருந்து வாங்க அனுப்பிவிட்டு நர்ஸ் மெல்லக் கேட்டபோதுதான் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அது ரெண்டும் சேந்தா உசுருக்கே ஆபத்து சார். முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார்.

இப்போது எந்த டாக்டரிடம் போனாலும் மகள் முந்திக்கொள்கிறாள்: "நாக்குக்கு அடியில வெக்கிற மாத்திரை நைனாவுக்கு ஒத்துக்காது டாக்டர்." அவரும் சிவப்பு மையில் எழுதிக்கொள்கிறார். ஒவ்வொரு முறையும் வாயைத் திறக்கிறேன். அவள் முகத்தைப் பார்த்ததும், அன்றுபோலவே குரல் வருவதில்லை.