இரண்டிலிருந்து மூன்றுக்கு

கிளட்ச்சை மிதிக்காமலே கியர் விழும் என்பதை நான் முதலில் பார்த்தது ஒரு காலி டிரெய்லரின் கேபினில். கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்ட காலை அது. ஸ்ரீபெரும்புதூரில் சிங்கப்பெருமாள் கோவில் ரோடு பிரிகிற இடத்தில், கழுத்து அட்டையைத் தூக்கிக் காட்டியபடி போகிற வண்டிக்கெல்லாம் கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். நாமக்கல் பக்கத்து ஓட்டுநர் ஒருவர் இரக்கப்பட்டார். ஆனால் வண்டியை நிறுத்தவில்லை. உருட்டிக்கொண்டே கதவைத் திறந்தார்.

"ஓடியாந்து ஏறுங்க தம்பி. நின்னா மறுபடி எழுப்பறது பெரும்பாடு."

ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவருடைய இடது காலைப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு அதை சீட்டின் மேலே மடித்து வைத்திருந்தார். கை மட்டும் கியர் மாற்றிக்கொண்டிருந்தது.

"அண்ணே, கிளட்ச்சு?"

"அது நேத்தே லீவு போட்டுருச்சுங்க. நமக்கு யாரு லீவு குடுக்கறா?"

ஆக்ஸிலேட்டரில் காலை லேசாகத் தளர்த்துவார். கியர் கம்பி நோகாமல் நியூட்ரலுக்கு வந்துவிடும். பிறகு எதையோ காதில் வாங்குவதுபோல ஒரு கணம் சும்மா இருப்பார். எஞ்சின் சத்தம் இறங்கி ஓரிடத்துக்கு வந்ததும் இரண்டு விரலால் தள்ளுவார். உள்ளே போனதே தெரியாது. சிக்னலில் நின்றே ஆகவேண்டியிருந்தபோது எஞ்சினை அணைத்தார். பச்சை விழுந்ததும் முதல் கியரில் போட்டுச் சாவியைத் திருகினார். ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியை உதறி இழுத்து, எஞ்சினுக்கும் உயிர் கொடுத்தது. அந்த உதறலில் என் டிபன் பாக்ஸ் உருண்டு அவர் காலடிக்குப் போனது.

நான் பி.இ. மெக்கானிக்கல். ஒரகடத்தில் கியர்பாக்ஸுக்கு உள்ளே போகிற பித்தளை வளையம் செய்யும் ஒரு கம்பெனியில், சோதனைக்கூடத்தில் டிரெய்னி. வேறு வேறு வேகத்தில் சுற்றும் இரண்டு பாகங்கள் ஒன்றையொன்று பிடிப்பதற்கு முன், உரசி உரசி அவற்றை ஒரே வேகத்துக்குக் கொண்டுவருவது அந்த வளையத்தின் வேலை. அதற்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். கண் இமைக்கிற அவகாசம்தான். டிரெய்லரிலிருந்து இறங்கி கேட்டை நோக்கி ஓடும்போது என் மண்டைக்குள் ஒரே யோசனை. அந்த அவகாசத்தை எவ்வளவு சுருக்கலாம்? இரண்டிலிருந்து மூன்றுக்கு எவ்வளவு சீக்கிரம் போகலாம்?

இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது. அந்த மனுஷர் ஒரு கணம் காத்திருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். ஆனால் மூளை எடுத்துக்கொண்டது கால் சும்மா இருந்ததை மட்டும்தான்.

என்னிடம் பழைய சின்ன கார் ஒன்று இருந்தது. பென்னலூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் போனால், தொழிற்பேட்டைக்காக ரோடு மட்டும் போட்டு, மனை எதுவும் விற்காத ஓர் இடம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அங்கே போய்விடுவேன். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்காமலே கிளட்ச்சை ஓர் உதை, கம்பியை ஓர் அறை. பிரேக்கை முன்பாதத்தால் மிதித்தபடியே குதிகாலால் ஆக்ஸிலேட்டரைத் தட்டி, மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்குவது. காலடியில் போனை ஒட்டவைத்துப் படம் எடுத்து, அந்த வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்து, எங்கே எவ்வளவு வீணாகிறது என்று நோட்டில் எழுதுவேன். ஒரு கிளட்ச் பிளேட் போனது. அதைப் பதக்கம் மாதிரி என் அறையில் மாட்டிவைத்தேன்.

அம்மா ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் வேலை செய்கிறாள். ஒருநாள் அவளை ஷிஃப்டுக்குக் கொண்டுபோய் விட்டேன்.

"இன்னாடா ஓட்ற? மாடு முட்ற மாதிரி கீது. இட்லி தொண்டக்கி வந்துச்சு."

"இதுதாம்மா டெக்னிக்."

"இன்னா டெக்னிக்கோ. நாளைலேர்ந்து நான் பஸ்லயே போய்க்கிறேன்."

அப்போதுதான் எங்கள் கூடத்தில் டெஸ்ட் டிரைவர் என்று நிரந்தர வேலை ஒன்று வரப்போகிறது என்ற பேச்சு வந்தது. கம்பெனி ஆட்களிலேயே ஒருவரை எடுப்பார்களாம். இன்னும் விற்பனைக்கு வராத கார்களை, டெஸ்ட் டிராக்கில், சம்பளம் வாங்கிக்கொண்டு ஓட்டலாம். எனக்கு டிரெய்னி காலம் முடிய நான்கு மாதம் இருந்தது. அதற்குள் இந்த இடத்தைப் பிடிக்காவிட்டால் வெளியே, அல்லது யாரும் விரும்பாத ஏதோ ஒரு மூலையில். வீட்டில் வேலை கிடைத்துவிட்ட மாதிரியே சொல்லி வைத்தேன். "வண்டி ஓட்றதுக்கா இஞ்சினீயரிங் படிச்ச?" என்று அம்மா கேட்டாள். ஆனால் பக்கத்து வீட்டில் அவள் சொன்னது "கார் டெஸ்டிங் இஞ்சினீயர்" என்று.

ஒருநாள் கூடத்தின் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "நீ ஏதோ வேகமா கியர் போடுவியாமே? ஒரு ரெக்கார்டிங் இருக்கு, வா."

கம்பெனி காரில் கியர் கம்பியின் குமிழைக் கழற்றிவிட்டு, விசையை அளக்கும் சென்சார் வைத்த வேறு குமிழ் மாட்டியிருந்தார்கள். சோதனை மேடையைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் அக்கா ஹேண்ட் பிரேக் ஓரமாக வயர்களை டேப் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். முதலில் ஓட்ட உட்கார்ந்தவர் கம்பெனி கார் ஓட்டும் அண்ணன். செம்பரம்பாக்கத்துக்காரர். மதிலோரமாகப் போகிற நீளச் சாலையில் நூறு முறை இரண்டிலிருந்து மூன்று. நான் பின்சீட்டில். அவர் வழி முழுக்க மச்சான் கல்யாணத்துக்குப் பிரியாணி சொல்லலாமா, சைவமா என்று அக்காவிடம் பேசிக்கொண்டே வந்தார்.

"அண்ணா, கொஞ்சம் கவனமா. ரெக்கார்ட் ஆகுது" என்றேன்.

"இதுல கவனிக்க இன்னா கீது தம்பி? ரெண்டு, மூணு. எல்கேஜி பாடம்."

அவர் கியர் போடும்போது கை அசைவதே தெரியவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. இவரோடு போட்டியா?

என் முறை வந்தது. நூறு முறை அறைந்தேன். கடைசி இருபதில் உள்ளங்கை சிவந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் முந்தையதைவிடச் சீக்கிரம் போடப் பார்த்தேன். சில முறை உள்ளே கர்ரென்று பல் உரசியது. பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்திருந்த மேலாளர் நிறுத்துவார் என்று பயந்தேன். அவரோ, "சூப்பர்ப்பா. அதே மாதிரி இன்னொன்னு" என்றார். போதாதென்று அன்று வீட்டுக்குப் போய் நான்கு பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதினேன். கம்பியை எந்தக் கோணத்தில் இழுக்க வேண்டும், காலும் கையும் எந்த வரிசையில் நகர வேண்டும், எங்கே விசை கூட வேண்டும் என்று படம் போட்டு. யாரும் கேட்கவில்லை. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கார் அண்ணன் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு அக்காவிடம் சொன்னார்: "நான் கைய மட்டும் குடுத்தேன். தம்பி நோட்ஸும் போட்டுக் குடுத்துகிறாரு."

மூன்று வாரம் கழித்து ஏதோ வேலையாக சோதனை மேடை அறைக்குப் போனேன். புதிதாக ஒரு ரோபோ கை வந்திருந்தது. கார் இல்லை; ஒரு மேடையில் கியர்பாக்ஸ் மட்டும், அதைச் சுழற்ற ஒரு மோட்டார், கிளட்ச்சை மிதிக்க இன்னொன்று, கம்பியைப் பிடித்தபடி அலுமினியக் கை. டக். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி டக். எனக்கு ஒரு பழக்கம் உண்டு: கியர் விழுந்த பிறகும் நிச்சயத்துக்காக இன்னொரு சின்ன இடி கொடுப்பேன். ரோபோவும் கொடுத்தது.

"அக்கா, இது நான்!"

"நீதான்" என்றாள் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஓடிப்போய் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். திரையில் இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்றின் பெயர் நார்மல். ஓடிக்கொண்டிருந்த மற்றொன்றின் பெயர் அப்யூஸ்.

"இன்னாக்கா இது?"

"வண்டிய போட்டுச் சாவடிக்கிற கஸ்டமருன்னு ஒருத்தன் இருப்பான்ல? அவனுக்கும் வளையம் தாங்கணும்ல. அதுக்கு ஒரு கை வேணும்னு சாரு ரொம்ப நாளா தேடிகினு இருந்தாரு."

"என்கிட்ட யாரும் சொல்லலியே."

"சொல்லிட்டா நீ ஜாக்கிரதயா போட்டுருப்ப. அப்பறம் ரெக்கார்டிங்க குப்பைலதான் போடணும்."

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. வேலை எப்படி நடக்கும் என்பதை ஒரு டிரெய்னிக்கு விளக்குகிற குரல் அது.

என் கை இரவு பகலாக உழைத்தது. முதல் கியர்பாக்ஸ் நான்காம் நாள் போனது. வளையத்தின் கூம்பு வழவழவென்று தேய்ந்து, பற்கள் மொண்ணையாகிக் கிடந்தன. வடிவமைப்பு ஆட்கள் வந்து படம் எடுத்தார்கள், உலோகத்தை மாற்றினார்கள், வேறு வளையம் போட்டு மறுபடி என்னை ஓடவிட்டார்கள். மறுபடி உடைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லத்தான் வேண்டும்: ஒவ்வொரு முறை உடையும்போதும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். மூன்றாவது வளையம் உடையவில்லை. குறித்த எண்ணிக்கை முடியும்வரை தாங்கிக்கொண்டது. அன்று கூடத்தில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்கள். நானும் இரண்டு துண்டு சாப்பிட்டேன். என்னைத் தோற்கடித்ததற்கு நானே இனிப்புத் தின்றேன்.

மறுநாள் மேலாளரிடம் போய் டெஸ்ட் டிரைவர் வேலையைப் பற்றிக் கேட்டேன்.

"அத மேல கேன்சல் பண்ணிட்டாங்கப்பா. கார் டிரைவர் கை, உன் கை, ரெண்டும் நம்மகிட்ட ரெக்கார்டா இருக்கு. ரோபோ டீக்குப் போகாது, லீவு கேக்காது. உன் நோட்டை வெச்சுதான் அதுக்கு புரோகிராமே எழுதினோம். ரொம்ப யூஸ்ஃபுல்."

"ரோட்ல ஓட்டிப் பாக்க ஆள் வேணாமா சார்?"

"அது கார் கம்பெனிக்காரன் பாத்துப்பான்." கொஞ்சம் யோசித்துவிட்டு மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். "தப்பா நினைக்காத. போஸ்ட் இருந்தாலும் உன்னைப் போட்டிருக்க முடியாது. இங்க பாரு."

கார் அண்ணனின் நூறு ஷிஃப்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார். நூறும் சேர்ந்து கொஞ்சம் தடித்த ஒரே கோடு. அடுத்தது என்னுடையது. குழந்தை கிறுக்கிய மாதிரி இருந்தது. ஒன்றுபோல இன்னொன்று இல்லை.

"டெஸ்ட் டிரைவருக்கு வேகம் எதுக்குப்பா? சொன்னதை சொன்ன மாதிரி ஆயிரம் தடவை செய்யணும். உன்னுதுல ரொம்ப மோசமான ஒண்ணை மட்டும்தான் எடுத்துக்கிட்டோம்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. கோபப்படக்கூட இடம் வைக்கவில்லை. நான் நூறு முறை என்னையே முந்தப் பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் பிரியாணி பேசிக்கொண்டே நூறு முறை ஒரே வேலையைச் செய்திருக்கிறார். ஆனால் அவருக்கும் அந்த வேலை கிடைக்கவில்லை. இனி யாருக்கும் கிடைக்காது. அதற்கான வழிமுறையை நான்கு பக்கத்தில் படத்தோடு எழுதிக்கொடுத்தது நான்.

தரப் பிரிவில் ஓர் இடம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தபோது அம்மா முகம் நினைவுக்கு வந்தது. வளையங்களை ஒவ்வொன்றாக அளவுகோலில் மாட்டிப் பார்க்கிற வேலை. என் கைக்குத் தாங்கிய அதே வளையங்கள். என் மேசைக்கும் சோதனை மேடைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். புது உலோகம் வரும்போதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் டக், அப்புறம் அந்தச் சின்ன இடி. அந்தப் பழக்கத்தை என் காரில் விட்டுவிடப் பார்க்கிறேன். விட முடியவில்லை.

நேற்று மதியம் கேன்டீனில் அக்கா சாப்பாட்டுத் தட்டோடு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"கிளட்ச் போன டிரெய்லர்ல வந்தன்னு ஒரு கத சொன்னியே. அதயும் நோட்ல எழுதிட்டியா?"

"இல்லக்கா. அது எனக்குப் போட வராது. அதான் எழுதல."

"ரோபோவுக்கும் தெரியாது. அதுக்கு கிளட்ச்ச மிதிக்க தனி மோட்டாரு கீது, அது மிதிக்காம கையே நவுராது." ரசத்தை ஊற்றிக்கொண்டே, "ஒருவேள வந்துச்சுன்னா எனக்கு மட்டும் காட்டு. சாருக்கு எழுதிக் குடுக்காத" என்றாள்.

நாளை மறுநாள் ஞாயிறு. மனை விற்காத அந்த ரோட்டுக்கு ஆறு மணிக்குப் போகப்போகிறேன். போனும் நோட்டும் வீட்டிலேயே இருக்கட்டும். முதல் கியரில் போட்டுச் சாவியைத் திருகிக் கிளம்பிவிடலாம், அது பிரச்சினை இல்லை. இரண்டுக்குப் போன பிறகு இடது காலை மடித்து சீட்டின் மேலே வைத்துவிடுவேன். ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தி, கம்பியை நியூட்ரலுக்கு எடுத்து, சத்தம் இறங்கும்வரை கையைச் சும்மா வைத்திருக்க வேண்டும். அதுதான் வருமா என்று தெரியவில்லை. அவசரப்பட்டால் பல் உரசும், என் காரின் வளையம் போகும். வந்துவிட்டால், அதே மாதிரி இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. நூறு வரை எண்ணிப் பார்க்கப்போகிறேன்.