ரங்கூன் டப்பாவின் கடைசித் தகடு

இன்று விராலிமலையில், கரிவாயுவில் ஓடும் எங்கள் பஸ்ஸை நிறுத்தி அதன் பின்புறக் கரியடுப்பைக் கிளறினார்கள்.

ரங்கூனிலிருந்து கொண்டுவந்த பைப் புகையிலை டப்பாவில், தகடாக அழுத்திய துண்டு ஒன்றே ஒன்றுதான் மிச்சம். பைப்பில் அடைப்பதற்காக அதை உள்ளங்கையில் வைத்து உதிர்த்தேன். உலர்ந்த திராட்சை வாசனை எழுந்தது. அங்கே நான் வேலை பார்த்த ஆற்றங்கரை ஆபீசும் கப்பல் சங்கும் கூடவே நினைவுக்கு வந்தன.

பக்கத்து சீட் அம்மாள் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஏன் கசக்கி வீணாக்குறீங்க? இங்கிட்டு ஒரு துண்டு குடுங்க."

மறுக்க மனம் வரவில்லை. பாதியைக் கொடுத்தேன். வெற்றிலையோடு சேர்த்து வாயில் அடக்கிக்கொண்டார்.

"இனிக்குதே. எந்த ஊருப் பொகையெலை?"

"ரங்கூன்."

"எங்க வீட்டுக்காரரும் அங்கதான் இருந்தாரு. சண்டைக்குப் பயந்து ஓடி வரயில ஒரு குடைய மட்டுந்தான் கொண்டாந்தாரு."

தீப்பெட்டியைப் பைக்குள் போட்டுவிட்டு, மீதிப் பாதியை வைத்து மெல்ல நானும் ஒரு வெற்றிலை கேட்டேன்.

இத்தனை வருஷமும் ரங்கூனைப் புகையாகவே ஊதிவிட்டிருக்கிறேன். உங்களில் யாராவது மென்று பார்த்ததுண்டா?