மகாதேவி தொடுத்த வழக்கு

நெல்லியடிச் சந்தியில் வாடகைக்கு நிற்கும் ஏழு கார்களில் ஆறை ஆண்கள் ஓட்டினார்கள். ஏழாவது, சாம்பல் நிற ஒஸ்ரின், மகாதேவியினுடையது. அது முன்பு அவளுடைய கணவர் சிவசுப்பிரமணியத்தின் கார். எண்பத்தோராம் ஆண்டு ஒரு காலை, முகம் வழித்துக்கொண்டிருந்தபோது அவருக்கு வலது கையும் காலும் இழுத்துவிட்டன. பேச்சும் குழறிப்போயிற்று. மூன்று மாதம் கார் கொட்டிலுக்குள் சும்மா கிடந்தது. நான்காம் மாதம் மகாதேவி அதை அறுவடை முடிந்த வயலுக்குள் இறக்கி ஓட்டிப் பழகினாள். லைசென்ஸ் எடுத்தாள். ஒருநாள் விடிய, சந்தியில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"அக்கா, ஆரையேன் இறக்கிவிட வந்தனீங்களோ?" என்று வரிசையில் நின்ற ஒருவன் சிரித்தான்.

"இல்லைத் தம்பி, உன்னை மாதிரி உழைக்க வந்தனான். கொஞ்சம் தள்ளி எடு, என்ரை கார் பாதி றோட்டிலை நிக்குது."

பிள்ளைப்பேற்றுக்குப் போகும் பெண்கள் அவளைத்தான் கூப்பிட்டார்கள். சந்தைக்கு வரும் பெண்களும் கூடை கடகங்களோடு அவளுடைய காரைத் தேடி ஏறினார்கள். ஓட்டம் பிழையில்லாமல் இருந்தது.

காருக்கான காப்புறுதி எண்பத்துமூன்று ஆடி மாதக் கடைசியில் முடிந்தது. தெற்கில் கலவரம் நடந்த அந்தக் கிழமை யாரும் யாழ்ப்பாணப் பட்டினத்துக்குப் போகத் துணியவில்லை. ஆனால் ஆவணியில் காப்புறுதிக் கந்தோர் அலுவல்களுக்குத் திறந்திருந்தது, மகாதேவி போகவில்லை. புரட்டாதியிலும் போகவில்லை. இன்றைக்கு ஒரு ஓட்டம் இருக்கிறது, நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டுவிட்டாள். அதை அவள் பின்னாளில் ஒருபோதும் மறைக்கவில்லை.

அடுத்த பங்குனியில் ஒருநாள், காலை பத்து மணியளவில், பருத்தித்துறையில் இருந்து மரியநாயகி என்ற மீன் விற்கும் பெண்ணை ஏற்றிக்கொண்டு வந்தாள். மந்திகை தாண்டி ஒரு வளைவு. எதிரே தம்பிஐயா என்பவரின் மாட்டுவண்டில் தன் ஓரத்தில் ஆடி அசைந்து வந்தது. அதற்குப் பின்னால் வெங்காய லொறி ஒன்று. லொறிக்காரன் வண்டிலுக்குப் பின்னால் ஊரப் பொறுக்காமல் வெட்டி எடுத்து, நேரே மகாதேவியின் பக்கத்துக்கு வந்தான். அவள் பிறேக்கை மிதித்தது நினைவிருந்தது. பிறகு கண் விழித்தபோது வீதியெல்லாம் மீன். மரியநாயகி நெற்றியில் இரத்தம் வழிய அவளை வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள். வலது முழங்கை திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

மூன்றாம் நாள் ஆசுப்பத்திரிக்கு லொறி முதலாளி கனகசபாபதி வந்தார். கையில் ஒரு ஓரேஞ் பார்லிப் போத்தல், மறுகையில் மடித்த கடுதாசி. இரண்டு பக்கத்திலும் பிழையில்லை, ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை என்று அதில் எழுதியிருந்தது.

"உம்மடை காருக்கு இன்சூரன்ஸ் இல்லையெண்டு கேள்விப்பட்டன், தங்கச்சி. பொலிசுக்குப் போனால் முதல்லை மாட்டுப்படுறது நீர்தான். இன்சூரன்ஸ் இல்லாத கார் றோட்டிலை இல்லாத கார் மாதிரி. இடக்கையாலை எண்டாலும் கையெழுத்தை ஒரு கீறுக் கீறிவிடும்."

"இல்லாத காரை உங்கடை லொறி என்னெண்டு இடிச்சது?"

அவர் சிரித்து மழுப்பப் பார்த்தார். "ஆறுதலா யோசிச்சுச் சொல்லும்."

"யோசிச்சிட்டன். போத்தலையும் கொண்டுபோங்கோ."

அவள் வீட்டுக்கு வந்தபின் சிவசுப்பிரமணியம் பயந்தார். "வேண்டாம். லைசென்சையும் பறிச்சுப்போடுவாங்கள். பிறகு எப்படிச் சீவிக்கிறது?" என்று குழறினார். மகாதேவியின் முறிந்த கையில் மாக்கட்டு. தன் தலைமயிரைத் தானே முடிய முடியவில்லை. மரியநாயகிதான் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து வாரிக் கட்டிவிட்டாள். பயம் அவளுக்கும் இருந்தது. ஆனால் அந்தக் கடுதாசியை நினைக்கும்போதெல்லாம் பயத்தை மீறிக்கொண்டு கோபம் வந்தது. செய்த பிழையை வைத்துச் செய்யாத பிழையையும் தன் தலையில் கட்டப் பார்க்கிறார்களே என்ற கோபம்.

வழக்குப் பேசும் புரக்கிராசி சீவரத்தினத்திடம் போய் ஒரே கேள்விதான் கேட்டாள். "இன்சூரன்ஸ் இல்லாதவளை இடிச்சால் குற்றமில்லையோ, ஐயா?"

"அது வேறை, இது வேறை," என்றார் அவர். "இன்சூரன்ஸ் இல்லாமல் ஓடினதுக்கு உமக்குத் தண்டம் வரும். லைசென்சையும் கொஞ்சக் காலம் நிப்பாட்டலாம். ஆனால் இடிச்சவன்ரை பிழையை அது அழிக்காது. நட்டஈடு கேக்கிற உரிமை உமக்கும் இருக்கு, மரியநாயகிக்கும் இருக்கு. ஒண்டு மட்டும் யோசியும். உம்மிலையும் கொஞ்சம் பிழையெண்டு கோட்டிலை நீதிபதி சொன்னால், மரியநாயகிக்கு அந்தப் பங்கை நீர்தான் குடுக்கவேணும். உமக்குப் பின்னாலை எந்தக் கொம்பனியும் நிக்காது."

"குடுப்பன்," என்றாள் மகாதேவி.

பொலிஸ் நிலைய வாசலில் மணல் மூட்டை அடுக்கியிருந்தது. அந்த நாளில் ஊரவர் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. அவள் சொன்னதைப் பொலிஸ்காரர் ஒருவர் தமிழில் கேட்டு, சிங்களத்தில் எழுதி, கையெழுத்து வைக்கச் சொன்னார்.

"எனக்கு வாசிக்கத் தெரியாததிலை நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

"நான் பிழையா எழுதேல்லை."

"இருக்கலாம். தமிழிலை எழுதுங்கோ, வாசிச்சுப்போட்டு வைக்கிறன்."

காலையில் போனவள், தமிழ் எழுதத் தெரிந்த ஒருவர் பிற்பகல் மூன்று மணிக்கு வரும்வரை வாங்கில் அசையாமல் இருந்தாள்.

நீதிமன்றத்தில் முதலில் அவள்மீதான வழக்குத்தான் கூப்பிடப்பட்டது. காப்புறுதி இல்லாமல் வாகனம் ஓட்டிய குற்றம். "குற்றவாளிதான், ஐயா," என்றாள். கலவரத்தைச் சாட்டுச் சொல்லும்படி பக்கத்தில் ஒருவர் கிசுகிசுத்தார். அவள் சொல்லவில்லை. தண்டம் விதித்தார்கள், லைசென்சை ஆறு மாதம் நிறுத்தினார்கள். சந்திக்கும் சந்தைக்கும் ஓடிய கால்கள் இப்போது வீட்டு முற்றத்தைச் சுற்றி வந்தன. கொத்தமல்லி, மிளகாய் இடித்து விற்று அந்த ஆறு மாதத்தையும் இடக்கையாலேயே கடத்தினாள்.

ஆறு மாதம் முடிந்த மறுநாள் பட்டினத்துக்குப் பஸ் ஏறினாள். காப்புறுதிக் கந்தோரில் ஆளே இல்லை.

"இந்த நிலைமையிலை ஆர் அம்மா இதுக்கு வருகினம்?" என்று எழுதுவினைஞர் வியந்தார்.

"நான் வந்திருக்கிறன். எழுதுங்கோ."

நட்டஈட்டு வழக்கு இரண்டு வருடம் இழுபட்டது. ஊரடங்கு என்று ஒரு தவணை போயிற்று, ஹர்த்தால் என்று இன்னொன்று. ஒவ்வொரு தவணைக்கும் மரியநாயகியும் வண்டில்காரத் தம்பிஐயாவும் சாட்சி சொல்ல வந்து திரும்பினார்கள். கடைசியில் மகாதேவி கூண்டில் ஏறியபோது கனகசபாபதியின் சட்டத்தரணி கேட்டார்: "சட்டப்படி உமது கார் அன்று அந்த வீதியில் நின்றிருக்கவே கூடாது. ஒப்புக்கொள்கிறீரா?"

"ஓம். அது என்ரை பிழை. அதுக்குத் தண்டமும் கட்டிப்போட்டன், ஆறு மாதம் சும்மாவும் இருந்திட்டன். லொறி என்ரை பக்கத்துக்கு வந்தது ஆரின்ரை பிழை? அதைத்தான் கேக்க வந்தனான்."

தம்பிஐயா, லொறி தன்னை வெட்டிப்போன இடத்தைக் கைகாட்டி விவரித்தார். சட்டத்தரணி எவ்வளவு குறுக்கே கேட்டும் அவர் மாற்றிச் சொல்லவில்லை.

தீர்ப்பு எண்பத்தாறில் வந்தது. ஐந்தில் நாலு பங்கு பிழை லொறியில். வளைவில் வேகத்தைக் குறைக்காததற்காக ஒரு பங்கு மகாதேவியில். புரக்கிராசி சொன்னதுபோல மரியநாயகிக்கு அந்த ஒரு பங்கை அவளே கொடுக்க வேண்டியிருந்தது.

"எனக்கு வேண்டாம் அக்கா," என்றாள் மரியநாயகி.

"வாங்காட்டி இனி உன்னைக் காரிலை ஏத்தமாட்டன்."

தீர்ப்புச் சொன்ன அன்று, முன்பே திருத்தி எடுத்திருந்த ஒஸ்ரினை அவளே வீட்டுக்கு ஓட்டி வந்தாள். முழங்கை முழுதாக நிமிரவில்லை. ஸ்ரேறிங்கைப் பிடிக்க இருக்கையை முன்னே தள்ளவேண்டியிருந்தது. சிவசுப்பிரமணியம் வாசல் படலையடியில் தடியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"எவ்வளவு தந்தவங்கள்?" என்று கேட்டார்.

"ஆரின்ரை பிழையெண்டு எழுதியிருக்கு எண்டு முதல்லை கேளுங்கோ."

அவர் சொல் சொல்லாகக் கூட்டி, அவள் சொன்னபடியே கேட்டார். மகாதேவி தீர்ப்பை முதலிலிருந்து கடைசிவரை, தன் பங்குப் பிழையையும் விடாமல், அவருக்குச் சொன்னாள்.