இடது பின்சக்கரம்

அத்தை ஜீப் ஓட்டுவதை எங்கள் பக்கத்தில் யாரும் தப்பாகச் சொன்னதில்லை. அந்த ஜீப்புக்கு அவள் மாட்டிய டயர்களைத்தான் வாய் ஓயாமல் பேசினார்கள். பதினொரு வயதில் என் இடுப்புக்கு மேலே வரும் உயரம், கட்டை கட்டையாகப் பல் வைத்த ரப்பர். "ஜீப்புக்கு யானைக்கால் வந்துட்டுது" என்று பெரியப்பா சொல்லாத நாளில்லை.

அத்தை நைனாவின் தங்கை. கல்யாணமே வேண்டாம் என்று எங்களோடு இருந்துவிட்டவள். ஏரிக்கு அந்தாண்டை, வயல்களுக்கு நடுவில் எங்கள் வீடு, பெரியப்பா வீடு, இன்னும் நாலைந்து வீடுகள். அந்த வீடுகளின் பாலை கேன்களில் ஏற்றிக்கொண்டுபோய்ச் செஞ்சியில் ஊற்றுவதுதான் அத்தையின் பிழைப்பு. தார் ரோட்டைப் பிடிக்க ஒரு கிலோமீட்டர் களிமண் பாதை. ஐப்பசி பிறந்தால் பழைய டயர்கள் அதில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்காது. அதனால்தான் இந்த ராட்சத டயர்கள்.

மாட்டியாயிற்று, காற்று எவ்வளவு வைப்பது? யாருக்கும் தெரியவில்லை. ஜீப்போடு வந்த புத்தகத்தில் இருந்தது சின்ன டயருக்கான கணக்கு. பஞ்சர் கடைக்காரருக்கு லாரிக்குக் காற்றடித்தே பழக்கம். பெரிய டயருக்குப் பெரிய காற்று என்று நாற்பது வைத்து அனுப்பிவிட்டார். ஜீப் கல்லுக்குக் கல் குதித்தது. ஒரு கேனின் மூடி பறந்து, அத்தை முதுகெல்லாம் பாலோடு வீட்டுக்கு வந்தாள்.

அத்தை லேசில் விடுகிற ஆளில்லை. என் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து டயரின் குறுக்கே பட்டையாகக் கோடு போட்டாள். தார் ரோட்டில் கொஞ்சதூரம் நேராக ஓட்டிவிட்டு இறங்கிப் பார்த்தாள். கோடு நடுவில் மட்டும் அழிந்திருந்தது. டயர் நடுவயிற்றால் மட்டுமே தரையைத் தொடுகிறது, காற்று அதிகம் என்றாள். இரண்டிரண்டாகக் குறைத்து, மறுபடி கோடு, மறுபடி ஓட்டம். இருபத்தாறுக்கு வந்தபோது கோடு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே சீராக அழிந்தது. அன்று அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! பத்தாம் வகுப்பில் நான் பாஸானபோதுகூட எங்கள் வீட்டில் யாருக்கும் அவ்வளவு சந்தோஷம் வரவில்லை.

அது தார் ரோட்டுக்கு. சேற்றுக்குப் பதினைந்து. அந்த அளவுக்கு இறக்கினால் டயர் அகலமாகப் பரந்து சேற்றின்மேல் மிதந்து போகும், கெட்டியாக இருந்தால் வெட்டிக்கொண்டு உள்ளே இறங்கிவிடும். காற்று அளக்கும் கேஜ் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஆனால் நாங்கள் தினமும் ஜெபமாலை சொல்லுகிற குடும்பம். வால்வின் ஊசியை அழுத்திப் பிடித்தபடி மாலையில் பத்து மணி, அதாவது மங்கள வார்த்தை ஜெபத்தைப் பத்து முறை, அவசரப்படாமல் சொன்னால் இருபத்தாறு பதினைந்தாகிவிடும் என்று அத்தை கண்டுபிடித்து வைத்திருந்தாள். மாதாவை மெக்கானிக் ஆக்கிவிட்டாள் என்று அம்மா தலையிலடித்துக்கொள்வாள்.

நைனாவைப் பாம்பு கடித்த அன்று மத்தியானத்திலிருந்தே மழை. வரப்பில் வைத்துக் கண்ணாடி விரியன் வலது பாதத்தில் பிடுங்கிவிட்டது. பெரியப்பா தோளில் போட்டுத் தூக்கி வந்தபோதே கால் புசுபுசுவென்று வீங்கத் தொடங்கியிருந்தது. ஆம்புலன்ஸ் தார் ரோட்டுக்கு வந்துவிடும், அதுவரை இந்த ஒரு கிலோமீட்டர்தான்.

"கட்டில்ல போட்டு தூக்கினு ஓடிடலாம்" என்றார் பெரியப்பா.

"இந்த சேத்துல ரெண்டு பேர் தூக்கினு எப்ப போய் சேர்றது? காத்த எறக்கினா பத்து நிமிஷத்துல ரோட்ல இருப்பேன்" என்றாள் அத்தை. என் பக்கம் திரும்பி, "நீ இடது பக்கம் ரெண்டு. நான் வலது பக்கம். ஒவ்வொண்ணுக்கும் பத்து மணி. ஓடு!"

முன்சக்கரத்தின் பக்கத்தில் குந்தி ஆணியால் ஊசியை அழுத்தினேன். காற்று சீறியது. மழை என் தலையில் கொட்டியது. பின்னால் பெரியப்பா, "இன்னா பண்றீங்க, அவன் செத்துடுவான் போலக்கிது" என்று கத்துகிறார். அம்மாவின் ஓலம். பத்தாவது மணி முடிந்து நிமிர்ந்தால், டயரின் அடிவயிறு பிதுங்கித் தொங்குகிறது. எத்தனையோ முறை பார்த்ததுதான். அன்றைக்கு மட்டும் பஞ்சரான வண்டியைப் பார்ப்பதுபோல் இருந்தது.

பின்சக்கரத்துக்குப் போனேன். நேர் மேலே, ஜீப்பின் பின்பலகையில் நைனாவைக் கிடத்தியிருந்தார்கள். அவர் கை பலகைக்கு வெளியே தொங்கியது. இதுவும் சப்பையாகிவிட்டால் நைனா எப்படிப் போவார்? ஐயோ, நாமே வண்டியைக் கெடுக்கிறோமே! நாலாவது மணியில் ஆணியை எடுத்துவிட்டேன். மீதி ஆறு மணியையும் நிறுத்தாமல் சத்தமாகச் சொன்னேன். அந்த மழையில் காற்றுச் சத்தம் அந்தப் பக்கம் கேட்காது. என் ஜெபம் மட்டும் நன்றாகக் கேட்டது.

முக்கால்வாசிப் பாதை ஜீப் மிதந்துதான் போனது. ஏரிக்கரை அடியில் களிமண் ஆழமான இடத்தில் இடது பின்சக்கரம் மட்டும் வெட்டிக்கொண்டு இறங்கியது. அத்தை ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க, அது தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டது. ஜீப் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முழங்கால் வரை களிமண், அதில் நைனாவைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கவும் வழியில்லை. நைனா வாயிலிருந்து எச்சில் வழிந்தது. பெரியப்பா இறங்கி வைக்கோல், பனமட்டை, கல் என்று கையில் கிடைத்ததையெல்லாம் சக்கரத்தின் அடியில் திணித்தார். நான் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை.

அரைமணி நேரம் போன பிறகுதான் அத்தைக்கு ஏதோ தோன்றியிருக்க வேண்டும். சேற்றில் மண்டியிட்டு அந்தச் சக்கரத்தில் கேஜை வைத்தாள். பார்த்தாள். எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள்.

"பத்து மணியும் சொன்னியா பாப்பா?"

"சொன்னேன் அத்த."

சொன்னேன்தான். அதில் ஒரு எழுத்துப் பொய்யில்லை.

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி, வுடு. சேறு போயி வால்வு அடைச்சிக்கிச்சி" என்று சொல்லிவிட்டு ஊசியை அழுத்தினாள். ஸ்ஸென்று காற்று சீறி வந்தது. டயர் பரந்தது. அடுத்த மிதியில் ஜீப் மேலே ஏறிவிட்டது.

நைனா பிழைத்தார். முப்பது நாளுக்கு மேல் ஆஸ்பத்திரி. பாதம் அழுகி இரண்டு விரல்களை எடுத்தார்கள். இன்றைக்கும் சாய்ந்துதான் நடப்பார்.

பெரியப்பா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே ஆரம்பித்துவிட்டார். "கட்டில்ல தூக்கினு வந்திருந்தா அப்பவே வந்திருப்போம். இவ டயரு, இவ காத்து, இவ கணக்கு! தம்பி கால தின்னுட்டா!" அம்மாகூட அன்று அத்தைக்காக வாய் திறக்கவில்லை. அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டு, "என் கணக்குதாண்ணா தப்பாயிட்டுது" என்றாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஜீப்பை விற்கவைத்தார்கள். அத்தை செஞ்சியில் ஒரு மளிகைக் கடைக்குப் பொட்டலம் கட்டப் போனாள். காலையில் பஸ்ஸுக்காக அதே களிமண்ணில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துபோவாள். நான் எதிரில் வந்தால், "சாப்டியா?" என்பாள். நான் தலையாட்டிவிட்டு ஓடிவிடுவேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சர்க்கரை திருடியதைச் சொன்னேன், தம்பியை அடித்ததைச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. பொய்யே சொல்லாதபோது எதைச் சொல்வது? அத்தை என்னை நம்பிவிட்டாள், நான் தப்பித்துவிட்டேன் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

பல வருஷம் கழித்து, என் வண்டிக்குக் காற்றடிக்க ஒரு பெட்ரோல் பங்கில் நின்றிருந்தபோது அந்தச் சீறல் காதில் விழுந்தது. அடைத்துக்கொண்ட வால்விலிருந்து காற்று அப்படிச் சீறாது. அது அத்தைக்கு அன்றைக்கே, சேற்றில் மண்டியிட்டிருந்தபோதே தெரியும். வால்வு அடைத்துக்கொண்டதென்று அத்தை நினைத்ததாக நம்பியவள் நான் ஒருத்திதான்.