பாலத்துக்கு முன்னால் ஒரு பலகை

தோட்டத்து லாரியில் தேயிலைப் பெட்டிகளைத் தலவாக்கலை ரயிலடிக்கு ஏற்றிப்போவது என் வேலை. இது போன மழையில் நடந்தது.

அன்று டவுனுக்குப் போகவேண்டிய ஆறு பெண்களும் பின்னால் பெட்டிகளோடு ஏறியிருந்தார்கள். தோட்டத்து ரோடு இறங்கி ஆற்றோர மெயின் ரோட்டில் சேரும் முடக்கில் ஒரு புதுப் பலகை நின்றது. முழுக்கச் சிங்களம். நான் சிங்களம் நன்றாகப் பேசுவேன், வாசிக்க வராது. இப்போது ஊர்ப் பலகைகளையெல்லாம் சிங்களத்துக்கு மாற்றுகிறார்களே, அதில் ஒன்று என்று நினைத்து லாரியைத் திருப்பினேன்.

அரை மைல் போயிருப்பேன். தேத்தண்ணிக் கடைச் சிங்களப் பெண் ஒருத்தி கையை விரித்துக்கொண்டு நடுரோட்டுக்கு ஓடிவந்தாள். "பாலம கடிலா! யன்ட எபா!" பாலம் உடைந்துவிட்டது, போகாதே என்று கத்தினாள். பிரேக்கை மிதித்தேன். அடுத்த முடக்கில் பாலத்தின் பாதியை ஆறு கொண்டுபோயிருந்தது.

அங்கே நின்ற, ரோட்டு வேலைகளைப் பார்க்கும் ஓவசியர், "பலகை போட்டிருக்கிறதே, கண் தெரியாதா?" என்று சிங்களத்தில் என்மேல் பாய்ந்தார். பின்னாலிருந்த முத்தம்மா அக்கா என்னவென்று கேட்டார். சொன்னேன்.

"கண்ணு நல்லாத்தான் தெரியுது. தமிழ்ல ரெண்டு எழுத்து போட அவருக்குத்தான் கை வரல. அப்படியே சொல்லுங்க தம்பி!"

அப்படியே சொன்னேன்.

பெட்டிகளுக்கு நம்பர் போடும் கறுப்பு மையும் பிரஷும் இப்போது என் லாரியிலேயே இருக்கின்றன. எந்தச் சிங்களப் பலகையைக் கண்டாலும் இறங்கி விசாரித்து, கீழே தமிழில் எழுதிவிட்டுத்தான் போகிறேன். ஓவசியர் இரண்டு தடவை அழித்துவிட்டார். மை இன்னும் நிறைய இருக்கிறது.